இருநூறு வெள்ளியில் ஒரு பாப்பர் ராடு

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 26. செலாயாங்கில் ஏர்கோன் வேலை செய்கிறேன். ஆறு மாதமாகப் பழைய ஈய லம்பக் குட்டைகளில் (ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கியவை) பீகாக் பாஸ் மீன் பிடிக்கப் போய் வருகிறேன். தண்ணீருக்கு மேலேயே ஓடும் பாப்பர், பென்சில் லூர்தான் (போலி இரை) எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பாவின் பழைய கடல் ராடு (தூண்டில் கோல்), நான் வாங்கிய 2500 அளவு ஸ்பின்னிங் ரீல், 20 பவுண்டு பிரேய்டட் லைன் (பின்னல் நூல்), இதை வைத்துத்தான் ஓட்டுகிறேன். லூர் தூரமாகப் போகவே மாட்டேன் என்கிறது. மீன் அடிக்கிறது, ஆனால் போன மாதம் மட்டும் மூன்று மீன் பாதி வழியில் கழன்றுவிட்டது. மீன் அடிக்கும்போது கொக்கி சரியாக ஏறவில்லை, வீடியோவில் வருகிற மாதிரி ஏழடி ஹெவி ராடு வாங்கு என்கிறான் கூட்டாளி. என் கையில் 200 வெள்ளிதான் இருக்கிறது. அந்தக் காசுக்கு நல்ல ராடு கிடைக்குமா? அதே ராடில் தவளை லூரும் போடலாமா? அப்பாவின் ராடை விற்றுவிடலாமா?

பதில்: தம்பி, அந்த ஹெவி ராடை முதலில் மறந்துவிடுங்கள். அதை வாங்கினால் இப்போது மூன்று கழன்றது ஆறாகும்.

நீங்கள் எழுதியதை வைத்தே சொல்லிவிடலாம். கடலில் ஈயக்குண்டு கட்டி அடியில் போடும் ராடு என்றால் நூறு கிராமுக்கு மேல் தூக்கச் செய்தது. உங்கள் பாப்பர் ஏழு கிராமிலிருந்து பத்து கிராம் இருக்கும். ராடு என்பது ஒரு வில். நீங்கள் பின்னால் கொண்டுபோய் வீசும்போது லூரின் எடையில் அது வளைய வேண்டும். வளைந்தது நிமிரும்போதுதான் லூர் பறக்கும். ஏழு கிராமுக்கு அந்த ராடு அசைந்துகூடக் கொடுக்காது. அப்புறம் எப்படித் தூரம் போகும்? உங்கள் கைபலத்தில் பத்து மீட்டர் போயிருந்தாலே பெரிய விஷயம்.

மீன் கழன்றதும் இதே கதைதான். பிரேய்டட் லைன் இழுபடாது. ராடும் வளையாது. நடுவில் இருப்பது பாப்பரின் வயிற்றில் தொங்கும் மெல்லிய மூன்று முனைக் கொக்கி. பீகாக் பாஸ் கரைக்குப் பக்கத்தில் வந்ததும் தலையை உதறிக்கொண்டு மேலே குதிக்கும். அந்த உதறலை வாங்கிக்கொள்ள எங்கேயும் ஒரு நெகிழ்வு இல்லை என்றால், ஒன்று கொக்கி குத்திய இடம் கிழிந்து ஓட்டை பெரிதாகும், இல்லையென்றால் கொக்கியே நிமிர்ந்துவிடும். கழன்ற பிறகு கொக்கியைப் பார்த்தீர்களா? கொஞ்சம் விரிந்திருந்தால் நான் சொல்வது உறுதி.

கூட்டாளி பார்க்கும் வீடியோக்களில் தவறு ஒன்றும் இல்லை. அவை வேறு மீனுக்கு, வேறு தண்ணீருக்கு எடுத்தவை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பாஸ் என்றால் லார்ஜ்மவுத் பாஸ். அது அல்லி இலைக்கும் பாசிக்கும் அடியில் பதுங்கியிருக்கும். இலைக் கூட்டத்துக்கு மேல் தவளை லூரை இழுத்து, மீன் அடித்ததும் அதைப் பாசியோடு சேர்த்துப் பிடுங்கி எடுக்க வேண்டும். அதற்குத்தான் ஏழடி ஹெவி ராடும் 50, 65 பவுண்டு லைனும். அதே ஆட்கள் திறந்த தண்ணீரில் பாப்பர் போடும்போது வேறு ராடைக் கையில் எடுப்பார்கள், கவனித்துப் பாருங்கள்.

நம் பீகாக் பாஸ் பெயரில்தான் பாஸ். அமேசான், ஒரினோகோ பக்கத்து மீன், திலாப்பியாவுக்குச் சொந்தக்காரன். பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும். குட்டையின் ஓரத்திலும், மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டைப் பக்கத்திலும் நிற்கும். பெரும்பாலும் திறந்த தண்ணீர்தான். அதைப் பிடுங்கி எடுக்க வேண்டிய தேவை இல்லை. (இங்கே இது வந்தேறி மீன். பிடித்ததை உயிரோடு கொண்டுபோய் வேறு குட்டையிலோ ஆற்றிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கும் சின்ன மீன்களைத் துடைத்துவிடும்.)

இன்னொன்று. கூட்டாளி சொல்லும் ஹெவி தவளை ராடு அநேகமாக பிசி ரீலுக்கு (பெய்ட்காஸ்டிங், ராடுக்கு மேலே உட்காரும் ரீல்) செய்தது, கைப்பிடியில் விரல் மாட்டும் கொக்கி இருக்கும். உங்களிடம் இருப்பது ஸ்பின்னிங் ரீல். அந்த ராடை வாங்கினால் ரீலும் வாங்க வேண்டும். 200 வெள்ளி எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். மலிவு பிசி ரீலில் ஏழு கிராம் லூரை எறிந்தால் நாள் முழுக்க லைன் சிக்கை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். மலாய்க் கூட்டாளிகள் ‘செராபுட்’ (ஒரே சிக்கு) என்று சிரிப்பார்கள்.

சரி, இனி நல்ல செய்தி. நான் ராடு பழுது பார்த்துப் பிழைப்பவன். பதினெட்டு வருடமாக என் மேசைக்கு எல்லா விலை ராடும் வந்திருக்கிறது. காசு குறைவாக இருப்பவன் ஒரே ஒரு வகை லூருக்கு ராடு வாங்க வேண்டும் என்றால், அது இந்த மேல்தண்ணீர் லூராக இருப்பது அவனுடைய அதிர்ஷ்டம்.

காரணம் இதுதான். ராடின் விலை எதற்கு ஏறுகிறது? பெரும்பாலும் கார்பனுக்கு. 24 டன், 30 டன், 40 டன் என்று எழுதியிருப்பார்களே, அது கார்பன் இழையின் விறைப்பைக் காட்டும் எண். எண் ஏற ஏற அதே விறைப்பைக் குறைந்த பொருளில் கொண்டுவரலாம், அதனால் ராடு மெலியும், எடை குறையும். இருபதடி ஆழத்தில் ஒரு ரப்பர் புழுவை மீன் உதட்டால் தொட்டால்கூட உங்கள் விரலுக்குத் தெரியும். அடியில் மீன் பிடிப்பவனுக்கு அந்த உணர்ச்சி தங்கம். உங்களுக்கு எதற்கு? உங்கள் மீன் எங்கே அடிக்கிறது? கண்ணுக்கு முன்னால், தண்ணீர் வெடித்து, சத்தத்தோடு. அதைத் தெரிந்துகொள்ள 900 வெள்ளி ராடு வேண்டியதில்லை, கண் போதும். மலிவு ராடில் டன் குறைவாக இருக்கும், சிலதில் கண்ணாடி இழையும் கலந்திருக்கும். கொஞ்சம் கனக்கும், கொஞ்சம் சோம்பலாக வளையும். அந்தச் சோம்பல்தான் உங்கள் மூன்று முனைக் கொக்கிக்கு வேண்டியது. சும்மா ‘ஹை கார்பன்’ என்று மட்டும் ஒட்டியிருந்தால் அதற்கு அளவும் இல்லை, அர்த்தமும் இல்லை, கண்டுகொள்ளாதீர்கள்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். 2011-ல் தெமெங்கோர் ஏரிக்குப் போனபோது 700 வெள்ளிக்கு ஒரு விறைப்பான ராடு வாங்கிக்கொண்டு போனேன். முதல் நாள் மத்தியானம், மூன்று கிலோ இருக்கும் ஒரு தோமான், பெரிய விரால் வகை. படகுக்குப் பக்கத்தில் வந்ததும் வலையை எடுக்கச் சோம்பல்பட்டு, ராடை நட்டமாக நிமிர்த்தித் தூக்கினேன். பட்டென்று இரண்டு துண்டு. தப்பு முழுக்க என்னுடையது. மீதி இரண்டு நாளும் படகோட்டி கொடுத்த, வார்னிஷ் உரிந்த கண்ணாடி இழை ராடில்தான் பாப்பர் போட்டேன். மீன் குறையவே இல்லை. கழன்றது ஒன்றோ இரண்டோதான். அவர் அந்த ராடை என்ன விலைக்கு வாங்கினார் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இனி கடைக்குப் போவோம். விலைச்சீட்டைப் பார்க்கும் முன் ராடைத் திருப்பி, கைப்பிடிக்கு மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது லூர் எடை. உங்களுக்கு 1/4 முதல் 5/8 அவுன்ஸ் வரை, அல்லது கிராமில் 7 முதல் 18 வரை என்று இருந்தால் சரி. 3/4 அவுன்ஸ், அதாவது 21 கிராம் வரை போனாலும் பரவாயில்லை. ஆனால் கீழ் எண் 10 கிராமுக்கு மேல் ஆரம்பித்தால் வைத்துவிடுங்கள், உங்கள் சின்ன பாப்பர் அதில் பறக்காது. எழுதியிருக்கும் எல்லையின் நடுப்பகுதியில்தான் எந்த ராடும் நன்றாக வேலை செய்யும்.

அடுத்து பவர், அதாவது ராடு எவ்வளவு முரடு என்பது. எம் என்று இருப்பதை எடுங்கள், மீடியம். ஆனால் இந்த எழுத்தை ரொம்ப நம்பக்கூடாது. எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவருடைய மீடியம் இன்னொருவருடைய மீடியம் ஹெவியாக இருக்கும். அதனால்தான் லூர் எடையை முதலில் பார்க்கச் சொன்னேன், அது கொஞ்சம் உண்மை பேசும்.

பிறகு வளைவு. ஃபாஸ்ட் என்றால் நுனி மூன்றில் ஒரு பங்குதான் வளையும். ரெகுலர் அல்லது மாடரேட் என்றால் பாதி வரை வளையும். உங்களுக்கு இரண்டுக்கும் நடுவில் இருப்பது வேண்டும், ரெகுலர் ஃபாஸ்ட் என்றோ மாடரேட் ஃபாஸ்ட் என்றோ எழுதியிருக்கும். பென்சில் லூரை இடம் வலமாக நடக்க வைக்க நுனி கொஞ்சம் துள்ள வேண்டும், அதனால் துவண்டு போகும் ராடும் ஆகாது. கடையில் சோதிக்க ஒரு வழி: உங்கள் ரீலையும் லூரையும் கையோடு கொண்டு போங்கள். லைனை வளையங்களில் கோத்து லூரை ஒரு சாண் தொங்கவிட்டு, மணிக்கட்டை மட்டும் லேசாக ஆட்டிப் பாருங்கள். நுனி லூரோடு சேர்ந்து தலையாட்டினால் அது உங்கள் ராடு. லூர் ஆடுகிறது, ராடு சும்மா நிற்கிறது என்றால் வேண்டாம். நுனியைக் கையால் பிடித்து வளைத்துப் பார்க்காதீர்கள். கடைக்காரர் திட்டுவார், நியாயம்தான். அப்படித்தான் பாதி நுனி உடைகிறது.

நீளம் ஆறரை அடி, ஏறத்தாழ 198 சென்டிமீட்டர். ஏழடி ராடு இன்னும் தூரம் எறியும், உண்மை. ஆனால் பாப்பரையும் பென்சிலையும் ஆட்டும்போது நுனியைத் தண்ணீரைப் பார்த்துக் கீழே பிடிக்க வேண்டும். கரையில் லாலாங் புல்லுக்கு நடுவே நின்றுகொண்டு ஏழடி ராடை அப்படிப் பிடித்தால் நுனி மண்ணைக் கிளறும். கைப்பிடியின் பின்பக்கம் ரொம்ப நீண்டிருந்தாலும் முழங்கையில் இடித்துக்கொண்டே இருக்கும், வாங்கும் முன் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிடுங்கள். கப்சாய் மோட்டாரில்தான் போவீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இரண்டு துண்டாகக் கழற்றும் ராடு வாங்குங்கள். இரண்டு துண்டு ராடு பலமில்லை என்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம், உங்கள் மீனுக்கு அது தாராளம். அரை மணிக்கு ஒரு முறை இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் திருகிப் பார்த்துக்கொள்ளுங்கள். தளர்ந்த இணைப்போடு எறிந்தால் அந்த இடத்தில்தான் வெடிக்கும்.

வளையங்கள்தான் மலிவு ராடு ஏமாற்றும் இடம். உள்ளே இருக்கும் பீங்கான் வட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலும் பிரேய்டட் லைனை நார்நாராக்கிவிடும். ஒரு துண்டுப் பஞ்சைக் கொண்டுபோய் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றுங்கள். பஞ்சு இழை மாட்டினால் அந்த ராடு வேண்டாம். பிறகு ராடைத் துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேராகப் பிடித்து, எல்லா வளையமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தால் என்ன பிராண்டு என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லா பிராண்டும் என் மேசைக்கு வருகிறது, எல்லாரிடமும் எனக்குக் காசு வர வேண்டும்.

120-லிருந்து 150 வெள்ளிக்குள் முடித்துவிடுங்கள். கேரோசல், முடா இணையச் சந்தைகளில் பழைய ராடுகள் வரும். நேரில் பார்த்து வாங்க முடிந்தால் அதுவும் நல்ல வழி. பஞ்சுச் சோதனை அங்கேயும் உண்டு. கூடவே, வார்னிஷில் குறுக்காக மயிர்க்கோடு ஓடியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். லேசாக வளைக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். நுனி ஓரிரண்டு அங்குலம் உடைந்து, புது நுனி ஒட்டிய ராடு என்றால் பயப்பட வேண்டாம். விலையைக் குறைத்துக் கேட்கலாம். நுனி சற்று விறைப்பாகும், அவ்வளவுதான்.

உடைவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். என்னிடம் வரும் ராடுகளில் மீன் உடைத்தது அபூர்வம். காடிக் (கார்) கதவு உடைத்தது, வீட்டுக் காற்றாடி உடைத்தது, தம்பி மகன் வாள் சண்டை போட்டு உடைத்தது, இவைதான் அதிகம். சிலர் வந்து ‘ஐந்து கிலோ தோமான் அண்ணே’ என்பார்கள். உடைந்த இடத்தில் காடிக் கதவின் கறுப்பு ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் ஒன்றும் சொல்வதில்லை.

மிச்சம் 50 வெள்ளி இருக்கிறதே, அதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். 30 பவுண்டு நைலான் தங்கூசி ஒரு சுருள் வாங்கி, பிரேய்டட் லைனின் முனையில் ஒன்றரை அடி கட்டுங்கள். ஃப்ளோரோகார்பன் வகைத் தங்கூசி வேண்டாம். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் அதன் அடர்த்தி 1.78, தண்ணீரில் இறங்கி பாப்பரின் மூக்கைக் கீழே இழுக்கும். நைலான் 1.14, கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி. பிரேய்டட் 0.97, மிதக்கும், ஆனால் துணி நூல் போலத் துவண்டு முன்கொக்கியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். விறைப்பான நைலான் துண்டு அதைத் தடுக்கும். உங்கள் குட்டையில் தோமான் இருந்தால் அதன் பல்லுக்கு 30 போதாது, 50 கட்டுங்கள்.

அப்புறம் கொக்கி. மலிவு பாப்பரோடு வரும் கொக்கியைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அது மீனுக்கும் வழுக்கும். அதே அளவில், அதே எடையில் கூரானது மாற்றுங்கள். பெரிதாகப் போட்டால் பாப்பர் மூழ்க ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால் உங்கள் மூன்று மீனில் ஒன்றாவது இந்தக் கொக்கியால்தான் போயிருக்கும்.

இன்னொன்று உங்கள் கையால் போயிருக்கும். தண்ணீர் வெடித்ததும் ராடை வெடுக்கென்று இழுக்கிறீர்கள் இல்லையா? எல்லாரும் செய்வதுதான், நான் இன்றைக்கும் மாதத்துக்கு ஒரு தடவை செய்கிறேன். சத்தம் கேட்கும்போது லூர் இன்னும் மீன் வாய்க்குள் போயிருக்காது. நீங்களே அதன் வாயிலிருந்து பிடுங்குகிறீர்கள். நீங்கள் பத்துமலைப் பக்கத்து ஆள். சத்தம் கேட்டதும் ‘முருகா’ என்று ஒரு முறை நிதானமாகச் சொல்லுங்கள். ரீலை மட்டும் சுற்றிக்கொண்டே இருங்கள். கையில் கனம் தெரிந்த பிறகு ராடைப் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் போதும், மேலே தூக்க வேண்டாம். கனம் தெரியவில்லை என்றால் லூரை நிறுத்தாமல் ஆட்டுங்கள். பீகாக் தவறவிட்டதைத் துரத்திக்கொண்டு இரண்டாவது, மூன்றாவது தடவையும் வந்து அடிக்கும். ரீலின் பிரேக்கையும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். மீன் பாயும்போது லைன் சத்தத்தோடு வெளியே போக வேண்டும்.

தவளை லூர் கேட்டீர்கள். இந்த ராடில் எறியலாம், ஆனால் மீனை ஏற்ற முடியாது. தவளையின் இரட்டைக் கொக்கி தடித்தது, ரப்பர் உடம்போடு ஒட்டி ஒளிந்திருக்கும். மீன் கவ்வியதும் உடம்பு நசுங்கிக் கொக்கி வெளியே வந்து ஹருவானின் (விரால் மீன்) கட்டித் தாடையில் ஏற வேண்டும். அதற்கு முரட்டு ராடு வேண்டும், அங்கே உங்கள் கூட்டாளி சொல்வது சரி. செகிஞ்சான் பக்கம் வயல் கால்வாய்க்கு ஹருவான் பிடிக்கப் போக ஆசை வந்தால் அப்போது தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ராடு வாங்கினால் இரண்டிலும் மீன் போகும்.

ஒரு விஷயம், ராடைப் பற்றி இல்லை. லம்பக் குட்டையின் கரை மண்ணைத் தோண்டி எடுத்த கரை. விளிம்பில் முழங்கால் ஆழம் இருக்கும், அடுத்த அடியில் ஆளை விழுங்கும் ஆழம். மணல் விளிம்பு மழைக்குப் பிறகு அப்படியே சரியும். ஓர் ஆள் நீளம் தள்ளி நின்று எறியுங்கள், மீனும் உங்களைப் பார்த்து ஓடாது. தனியாகப் போக வேண்டாம்.

அப்பாவின் ராடை விற்காதீர்கள். பழைய கடல் ராடுக்கு இருபது, முப்பது வெள்ளிக்கு மேல் யாரும் தரப்போவதில்லை, அதே மாதிரி ஒன்று புதிதாக வாங்க அதைவிட நிறைய ஆகும். அது செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்தால் நன்றாகச் செய்யும்: கிள்ளானிலிருந்து படகு ஏறிக் கடலில் குண்டு போட்டு கெலாமா, செம்பிலாங் பிடிக்கலாம். அந்தக் காலத்து வளையங்கள் நைலானுக்குச் செய்தவை, பிரேய்டட் ஓடி ஓடி இந்நேரம் வரி விழுந்திருக்கும். பஞ்சை வைத்துப் பார்த்துவிட்டு, எந்த வளையம் மாட்டுகிறது என்று எழுதுங்கள். நுனியும் முதல் வளையமும் மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் நினைக்கிறேன்.